காரீக்கூன் முதல் சைக்குளோஸ்போரின் வரை: கல்முனைக் கரையிலிருந்து ஒரு மருத்துவ வரலாற்று நோக்கு

மருத்துவத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் மூலிகைகளைப் பற்றியும் பாடாணங்களைப் பற்றியும் விரிவாக எழுதியுள்ளனர். செடியுமல்லாத, விலங்குமல்லாத காளானினம் அவர்தம் ஏடுகளில் ஓரத்திலேயே நின்றுவிட்டது. இன்று அது நடுவிடத்துக்கு வந்துள்ளது. காளான் சத்துகள் நிர்ப்பீடன ஆற்றலைப் பெருக்கும், புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் துணைநிற்கும், ஸ்டெம் செல் எனப்படும் மூலக்கலங்களைத் தூண்டி வளர்க்கும் என்றெல்லாம் பேசப்படுகின்றது. கானொடெர்மாக் காளான் கலந்த கோப்பித் தூளும் குளிகைகளும் தலைநகரிலே மட்டுமன்றி மாகாண நகரங்களிலும் கைமாறுகின்றன.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களில், நோயுற்ற ஒரு பிள்ளையின் சிகிச்சைச் செலவுக்கெனப் பள்ளிவாசல் முன்றலிலே வெள்ளிக்கிழமை பணம் சேர்க்கப்படுவது நாம் அறியாத காட்சியன்று. என்பு மச்சை மாற்றுச் சிகிச்சை வேண்டிய பிள்ளையாயின் சேர்க்க வேண்டிய தொகை பெரிது. செல்லவேண்டிய தூரமும் பெரிது. அத்தகைய வீட்டுக்கு அன்பின் பேரால் ஒரு போத்தல் காளான் குளிகையும் வந்து சேரக்கூடும். அக்குளிகையும் மாற்றுச் சிகிச்சையும் ஓருடலிற் சந்தித்தால் என்ன நிகழும் என்பது மருத்துவ வினா. அவ்வினாவுக்கு விடை காண வரலாற்றின் வழியாகச் செல்வதே நன்று என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

மருதமுனை முதல் பொத்துவில் வரை நீண்டு கிடக்கும் இக்கரை 1961 இல் அம்பாறை மாவட்டம் உருவாகும் வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. போர்த்துக்கீசரால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் 1626 இல் இப்பகுதியிற் குடியேற்றினான் என்ற செய்தி பலரும் அறிந்தது. அதற்கு முன்னரும் இங்கே முஸ்லிம் குடியிருப்புகள் இருந்தன என்பர். மொழியால் தமிழையும் சமயத்தால் அறபுலகையும் ஒருங்கே தழுவிய இம்மக்களின் மருத்துவமும் இரு முகங்கொண்டதாகவே அமைந்தது. ஊர்ப் பரிசாரிமார் தமிழ் வாகட ஏடுகளைப் பயின்றவர்கள். நாடி பார்த்துக் குடிநீரும் சூரணமும் கொடுத்தவர்கள். மறுபுறத்தில், கிரேக்கத்திலே தோன்றி அறபு மொழியிலே செழித்த யூனானி மரபு, ஹக்கீம் என்ற பெயரோடு அவர்களிடையே மதிப்புப் பெற்றிருந்தது.

காளானைப் பொறுத்தவரை இவ்விரு மரபுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. இந்திய மருத்துவ நூல்கள் காளானை ஐயத்தோடு பார்த்தன. சுசுருத சங்கிதை வைக்கோல், கரும்பு, சாணம், மூங்கில், நிலம் என அது முளைக்கும் இடத்தைக் கொண்டு காளானை வகுத்துக் கூறுகின்றதே அன்றி, அதற்கு மருந்து நிலையில் உயர்ந்த இடம் அளிக்கவில்லை. தரும நூல்களோ இருபிறப்பாளருக்கு அதனை உணவாகவும் விலக்கின. கிரேக்க மரபிலே நிலைமை வேறாக இருந்தது. கி.பி. முதலாம் நூற்றாண்டினரான தயோஸ்கொரிடீஸ் தம் மருந்து நூலில் 'அகாரிக்கோன்' என்றொரு பொருளை விதந்து பேசுகின்றார். அது குளிர்நாட்டு லார்ச் மரங்களிலே தட்டுப்போல ஒட்டி வளரும் வெண்ணிறப் பங்கசு, கடுங்கசப்பானது. அறபு மருத்துவர் அதனைக் 'காரீக்கூன்' என்றனர். இப்னு சீனாவின் 'கானூன்' நூலிலே தனிமருந்துகளின் வரிசையில் அது இடம்பெற்றுள்ளது. கபத்தை நீக்கும் பேதி மருந்தாகவும், திரியாக்கு எனப்பட்ட நச்சுமுறிப்புக் கலவையின் ஓர் உறுப்பாகவும் அது பல நூற்றாண்டுகள் வழங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற்கூட ஐரோப்பிய வைத்தியர் காசநோயாளரின் இரவு வியர்வையை அடக்க அதன் அமிலத்தைக் கொடுத்துவந்தனர்.

இவ்வறபு மருத்துவ நூல்கள் இலங்கை முஸ்லிம்களின் கைகளில் இருந்தன என்பதற்குச் சான்று உண்டு. இந்நாட்டின் பிரதம நீதியரசராக விளங்கிய சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் எழுதி, 1827 இல் அரச ஆசியக் கழகத்தின் வெளியீட்டிலே வந்த கடிதமொன்று, இங்குள்ள முஸ்லிம் வைத்தியர்களிடம் அரிஸ்டாட்டில், கலென் முதலியோரின் நூல்களின் அறபு வடிவங்களும் இப்னு சீனாவின் நூலும் இருந்தமையைக் குறிப்பிடுகின்றது. லார்ச் மரம் வளராத நாட்டிலே காரீக்கூன் எப்போதும் கப்பலேறி வரவேண்டிய கடைச்சரக்கு. ஆகவே கீழைக்கரைப் பரிசாரியாரின் பையிலே அது அன்றாடம் இருந்தது எனக் கொள்வது மிகைக்கூற்றாகும். எனினும் காளான் ஒன்று மருந்தாகலாம் என்ற கருத்து இம்மக்களுக்கு அந்நியமானதன்று. பின்னர் 1929 இல் கொழும்பிலே சுதேச வைத்தியக் கல்லூரி தொடங்கப்பட்டபோது ஆயுர்வேதம், சித்தம் ஆகியவற்றோடு யூனானியும் பாடநெறியாயிற்று. 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டமும் இம்மூன்றையும் தன்னுள் அடக்கிக்கொண்டது.

இவ்விடத்தில் இன்னொன்றையும் சொல்லிச் செல்லவேண்டும். நபிமொழித் தொகுப்புகளில் 'கம்அத்' என்ற பொருள் 'மன்னு' வகையைச் சேர்ந்ததாகவும் அதன் நீர் கண்ணுக்கு மருந்தாகவும் கூறப்பட்டுள்ளது. தமிழ் மொழிபெயர்ப்புகள் அதனைக் காளான் என்றே தருகின்றன. அது பாலைநிலத்தில் மழைக்குப் பின் மண்ணுக்கடியிலே விளையும் கிழங்கு போன்ற பங்கசு. குடையும் இல்லை, காம்பும் இல்லை. அச்சொல்லை ஆதாரமாக வைத்துச் சந்தைக்கு வரும் எல்லாக் காளானுக்கும் சிறப்பு ஏற்றிச் சொல்வது மொழிபெயர்ப்பின் தயவால் நேர்ந்த மயக்கம் எனலாம்.

இனி மூலக்கலச் சிகிச்சையின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவாம். எமது குருதியின் செங்குழியங்களும் வெண்குழியங்களும் என்பு மச்சையிலுள்ள மூலக்கலங்களிலிருந்து நாள்தோறும் பிறக்கின்றன. இக்கலங்கள் உண்மையில் உள்ளன என்பதை 1961 இல் ரொறன்ரோ நகரில் ரில், மக்கலொக் என்னும் இருவர் எலிகளிற் செய்த சோதனையால் நிறுவினர். அதற்கு முன்னரே, 1957 இல், அமெரிக்க மருத்துவரான டொனல் தோமஸ் பிறருடைய மச்சையை நோயாளரின் குருதிக்குழாயிற் செலுத்திப் பார்த்திருந்தார். அந்நோயாளர் எவரும் நெடுநாள் உயிர்வாழவில்லை. பலர் இம்முயற்சியையே கைவிட்டனர், தோமஸ் கைவிடவில்லை. 1958 இல் பிரான்சின் ஜீன் டோசே இழைய வகைகளை இனங்காணும் வழியைத் திறந்துவைத்தார். 1968 இல் மினசோட்டாவிலே ரொபேட் குட், பிறவியிலேயே நிர்ப்பீடனமற்ற ஒரு குழந்தைக்கு அதன் உடன்பிறப்பின் மச்சையைக் கொடுத்து வெற்றி கண்டார். தோமசுக்கு 1990 இல் நோபல் பரிசு கிட்டியது.

இழைய வகை பற்றிய செய்தி கீழைக்கரைச் சமூக அமைப்பை அறிந்தோருக்குத் தனிச்சுவை தருவது. இங்குள்ள முஸ்லிம்களிடையேயும் தமிழரிடையேயும் குடி என்பது தாய்வழியாக இறங்குவது. ஒரே குடிக்குள் மணம் செய்தல் வழக்கமன்று. மச்சான், மச்சாள் உறவிலே மணம் செய்தல் விரும்பப்பட்டது. எச்.எல்.ஏ. எனப்படும் இழைய வகையோ குடியைப் பின்பற்றுவதில்லை. தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி என அது இறங்குகின்றது. ஆதலால் உடன்பிறந்தார் ஒருவர் முழுமையாகப் பொருந்துவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. நோயாளிக்கு இரண்டு உடன்பிறப்புகள் இருந்தால் ஒருவரேனும் பொருந்தும் வாய்ப்பு நூற்றுக்கு 44. ஐவர் இருந்தால் 76. பெரிய குடும்பங்கள் நிறைந்திருந்த ஊர்களுக்கு இது ஓர் எதிர்பாராத செல்வம். இன்று குடும்பங்கள் சிறுத்து வருகின்றன. அச்செல்வமும் சுருங்கி வருகின்றது. நெருங்கிய உறவிற் செய்யும் மணம் இருபுறமும் வெட்டும் கத்தி போன்றது: உறவினருள் இழையம் பொருந்துவோர் கிடைக்கும் வாய்ப்பை அது சற்றுக் கூட்டுகின்றது, தலசீமியா போன்ற, இரு பெற்றோரிடமிருந்தும் வந்து சேரவேண்டிய நோய்கள் பிள்ளையிடம் வெளிப்படும் வாய்ப்பையும் கூட்டுகின்றது. தலசீமியா நோய்க்கு மச்சை மாற்றுச் சிகிச்சை முதன்முதலாக 1981 இன் இறுதியிலே சியாற்றில் நகரில் நிகழ்ந்தது. அதன்பின் இத்தாலியின் பெசாரோ நகரில் லுக்கரெல்லி அதனைப் பெருமளவிற் செய்தார். இந்தியாவிலே 1983 இல் மும்பாய் நகரிலும், 1986 இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் இச்சிகிச்சை தொடங்கிற்று. தமிழ் பேசும் இலங்கை நோயாளருக்கு வேலூர் என்பது மொழியாலும் அண்மையான இடம்.

பொருத்தமான உடன்பிறப்புக் கிடைத்த பின்னரும் ஓர் இடர் எஞ்சியிருந்தது. கொடையாளியின் மச்சையோடு அவரது நிர்ப்பீடனக் கலங்களும் வருகின்றன. அவை புதிய உடலை அந்நியமெனக் கருதித் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்குகின்றன. விருந்தினன் வீட்டுக்காரனை வெளியேற்ற முனைவது போன்ற இந்நிலையைத் தடுக்க 1970களில் இருந்த மருந்துகள் போதவில்லை. வேண்டிய மருந்து ஒரு பங்கசிலிருந்தே வந்தது என்பதுதான் இவ்வரலாற்றின் மையம்.

சுவிற்சர்லாந்தின் சான்டோஸ் நிறுவனம், வெளியூர் செல்லும் தன் ஊழியர்கள் சிறிது மண் எடுத்து வருமாறு ஓர் ஏற்பாடு வைத்திருந்தது. புதிய நுண்ணுயிர்கொல்லிகளைத் தேடுவதே நோக்கம். 1969 இல் நோர்வேயின் ஹார்டங்கர்விடா மேட்டுநிலத்திலிருந்து வந்த ஒரு பிடி மண்ணில் தொலிப்பொக்கிளாடியம் இன்பிளாற்றம் எனப் பின்னர் பெயரிடப்பட்ட பங்கசு இருந்தது. அது தந்த பொருள் நுண்ணுயிர்கொல்லியாகச் சிறப்புறவில்லை. ஆயினும் 1972 இன் தொடக்கத்தில் நிகழ்ந்த பரிசோதனைகளிலே, மற்றக் கலங்களைக் கொல்லாமல் நிர்ப்பீடனத்தை மட்டும் அது அடக்குவது தெரியவந்தது. இதனைத் தொடர்ந்து ஆராய்ந்தவர்களுள் ஸ்டேலின், பொரெல் ஆகிய இருவரும் முதன்மையானவர். பதினொரு அமினோ அமிலங்கள் வளையமாக இணைந்த இப்பொருளே சைக்குளோஸ்போரின். அது நீரிற் கரையாது, எண்ணெயிலே கரையும். கேம்பிரிட்ஜில் ரோய் கானின் ஆய்வுகூடத்திலே பணிபுரிந்த கிரேக்க மாணவர் ஒருவர் தம் வீட்டிலிருந்து வந்த ஒலிவ் எண்ணெயிலே அதனைக் கரைத்தார் என ஒரு கதை வழங்குகின்றது. 1978 இல் கான் அதனைச் சிறுநீரக மாற்றுச் சிகிச்சையிற் கையாண்டார். அதே ஆண்டில் லண்டன் றோயல் மார்ஸ்டன் மருத்துவமனையில் பவுள்ஸ் குழுவினர் மச்சை மாற்றம் பெற்றோருக்கு அளித்தனர். 1983 இல் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் வழங்கிற்று. 1986 இல் சியாற்றில் குழுவினர் அதனை மெதொட்ரெக்சேற்றுடன் சேர்த்துக் கொடுக்கும் முறையை வெளியிட்டனர்; பின்வந்த முறைகள் பலவும் அதனை அடியொற்றியவை. சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்யவல்லது என்ற குறை அதற்கு உண்டு. ஆதலாற் குருதியில் அதன் அளவை அடிக்கடி அளந்தே கொடுக்கவேண்டும்.

நிர்ப்பீடனத்தை அடக்கும் பங்கசுப் பொருள் இது ஒன்றுதான் என்றுமில்லை. 1893 இல் இத்தாலியரான கோசியோ பழுதுற்ற சோளத்தின் பூஞ்சணத்திலிருந்து பிரித்தெடுத்த மைக்கோபினோலிக் அமிலம் ஒரு நூற்றாண்டு கழிந்து, 1995 இல், மாற்றுச் சிகிச்சை மருந்தாயிற்று.

மண்ணிலே வளரும் பூஞ்சணத்தைக் காளான் என்பது முறையா எனச் சிலர் வினவலாம். இவ்வினாவுக்கான விடையிலே எமது நாட்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கின்றது. ரொம் பெட்ச் என்னும் ஆங்கிலேயர் 1905 இல் இலங்கை வந்து பேராதனைத் தாவரவியற் பூங்காவிலே பங்கசியல் அறிஞராகப் பணியாற்றினார். கறையான் புற்றிலே முளைக்கும் காளானைப் பற்றி 1906 இல் அவர் எழுதிய ஆய்வு இன்றும் மதிக்கப்படுவது. மழைக்குப் பின் புற்றுக்காளான் பிடுங்கிச் சமைக்கும் எமது மக்களுக்கு அதன் பொருள் நன்கு விளங்கும். பூச்சிகளின் உடலிலே வளரும் பங்கசுகளில் அவருக்கு ஈடுபாடு மிகுதி. 1928 இல் தாயகம் திரும்பிய பின்னரும் அவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தார். 1937 இல், வண்டுப் புழுவிலிருந்து முளைக்கும் ஒரு சிறு பங்கசுக்குக் கோடிசெப்ஸ் சப்செசிலிஸ் எனப் பெயரிட்டார். 1996 இலே கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேதி ஹொட்ஜும் உடனாய்வாளரும், சைக்குளோஸ்போரின் தரும் மண் பூஞ்சணமும் பெட்ச் பெயரிட்ட அப்பங்கசும் ஒரே உயிரின் இரு வடிவங்கள் எனக் காட்டினர். திபெத்திய மேட்டுநிலத்திற் புழுக்களிலே முளைத்துப் பொன் விலைக்கு விற்கப்படும் காளானுக்கு இது உறவுமுறையானது. பெட்ச் 1948 இல் மறைந்தார். தாம் பெயரிட்ட பொருளின் பெறுமதியை அவர் அறிந்திருக்க வழியில்லை.

இதற்கு நேரெதிரான திசையிலே சென்ற ஆராய்ச்சி யப்பானுக்குரியது. 1969 இல் தோக்கியோவிலே சிகாரா கோரோ குழுவினர், சியிற்றாக்கே காளானிலிருந்து பெற்ற பல்சக்கரைட்டு எலிகளிலே கட்டிகளின் வளர்ச்சியைத் தடுத்ததாக அறிவித்தனர். அதற்கு லென்ரினன் என்று பெயர். மரக்கட்டைகளிலே வளரும் வான்கோழிவாற் காளானிலிருந்து பெற்ற பி.எஸ்.கே. என்பது 1977 இலும், லென்ரினன் 1985 இலும் அந்நாட்டிலே புற்றுநோய்ச் சிகிச்சையின் துணைமருந்துகளாக ஒப்புதல் பெற்றன. 1994 இல் வெளியான ஓர் ஆய்விலே, இரைப்பைப் புற்றுநோய்க்கு அறுவை செய்யப்பட்ட 262 பேருள், வழமையான மருந்தோடு பி.எஸ்.கே.யும் பெற்றவர்களில் நூற்றுக்கு 73 பேரும் பெறாதவர்களில் 60 பேரும் ஐந்தாண்டுகள் உயிர்வாழ்ந்தனர். இதனை அற்பமென ஒதுக்கமுடியாது. ஆனால் இந்நோயாளர் மச்சை மாற்றம் பெற்றவர்களல்லர் என்பதை மறத்தலாகாது.

மூலக்கலங்களை நேரடியாகக் கருதிய ஆய்வுகளும் உண்டு. நியூயோர்க்கின் ஸ்லோன் கெற்றறிங் புற்றுநோய் நிலையத்தினர் மைற்றாக்கே காளானின் பீற்றா குளுக்கனை எடுத்துக்கொண்டனர். அது எலியின் மச்சைக் கலங்கள் பெருகுவதற்குத் துணைசெய்கின்றது என 2004 இலும், மனிதத் தொப்புள்கொடிக் குருதியின் மூலக்கலங்களுக்கும் அவ்வாறே உதவுகின்றது என 2007 இலும் எழுதினர். வெண்குழியங்களை வளர்க்கும் ஜி.சி.எஸ்.எப். என்ற புரதத்தின் சுரப்பை அது கூட்டுவதே காரணம் என்பது அவர்தம் முடிபு. தொப்புள்கொடிக் குருதியால் மாற்றுச் சிகிச்சை 1988 இலேயே பாரிசிலே தொடங்கியிருந்தது. அதிலுள்ள கலங்கள் சிலவாகையால் அவை வேரூன்றத் தாமதமாகும். அத்தாமதத்தைக் குறைக்கும் பொருளுக்குப் பெரும் பயன் இருக்கும் என்பது வெளிப்படை. ஆயின் இவை கண்ணாடிக் கலத்திலும் எலியிலும் கண்டவை. 2015 இல் மச்சை பழுதுற்ற சிலருக்கு மைற்றாக்கே கொடுத்த சிறு ஆய்விலே வெண்குழியங்களின் செயற்றிறன் சற்று உயர்ந்தது. அவர்களும் மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களல்லர். இதற்கிடையே ஜி.சி.எஸ்.எப். தூய மருந்தாகவே 1991 முதல் கிடைத்துவருகின்றது. அளவறிந்து ஊசியாற் கொடுக்கக்கூடிய அதனை விட்டு, அதனைச் சிறிது சுரக்கச் செய்யும் தூளை நாடுவானேன் என்ற கேள்விக்கு வணிகரிடம் நல்ல விடை இல்லை.

இவ்விரு கதைகளையும் அருகருகே வைத்தால் எமது தொடக்க வினாவின் கூர்மை புலப்படும். பீற்றா குளுக்கன் உடலின் விழுங்குகலங்களிலுள்ள டெக்ரின்-1 என்ற ஏற்பியைப் பற்றி நிர்ப்பீடனத்தை எழுப்புகின்றது. சைக்குளோஸ்போரின் நிர்ப்பீடனத்தின் ரீ கலங்களை உறங்கச் செய்கின்றது. ஒன்று முரசு, மற்றது தாலாட்டு. மாற்றம் பெற்ற பிள்ளை பல மாதங்கள் தாலாட்டை நம்பியே வாழவேண்டியிருக்கின்றது. அவ்வேளையிலே முரசறைவதால் எவ்வளவு தீங்கு விளையும் என்பதை அளந்து கூறும் பெரிய ஆய்வுகள் இல்லாவிடினும், இயற்கைப் பொருளாதலால் தீங்கில்லை என்ற வாதம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 2000 ஆம் ஆண்டிலே சூரிச்சிலிருந்து வந்த அறிக்கை போதும். இதய மாற்றம் பெற்ற இருவர் மனச்சோர்வுக்கெனச் சென் ஜோன்ஸ் வோட் என்ற மூலிகையை உட்கொண்டனர். அது குருதியில் சைக்குளோஸ்போரினின் அளவைத் தாழ்த்திவிட, புதிய இதயத்தை உடல் நிராகரிக்கத் தொடங்கியது. அது காளானன்று, ஆயினும் அது விற்கப்பட்ட விதமும் சொல்லப்பட்ட நியாயமும் ஒன்றே.

உணவாகும் காளானைப் பற்றி இவ்வளவு அச்சம் வேண்டியதில்லை. மரத்தூள் பைகளிலே பெண்கள் வீட்டில் வளர்த்து விற்கும் சிப்பிக் காளான் நல்ல கறி. சிறு வருவாயும் தருவது. ஆனால் மச்சை மாற்றம் பெற்றவரின் வீட்டிலே, அவர் தேறும் வரை, அப்பைகளைத் தொங்கவிடாதிருத்தல் வேண்டும். நிர்ப்பீடனம் குன்றியவரின் நுரையீரலுக்குப் பங்கசு வித்திகள் பகையானவை.

இக்கரை ஊர்களிலே இன்று பல்கலைக்கழகத்தில் யூனானி பயின்ற பட்டதாரி வைத்தியரும் இருக்கின்றனர். மேனாட்டு மருத்துவம் பயின்றோரும் இருக்கின்றனர். வேலூரிலோ கொழும்பிலோ உள்ள சிகிச்சை நிபுணரிடம் குளிகைப் போத்தலைப் பற்றி வாய் திறக்காத தாய், ஊர் ஹக்கீமிடம் அதனை எடுத்துக் காட்டுவாள். அப்போது அவர் கேட்கவேண்டியவை சில: பிள்ளைக்கு எந்நாளில் மச்சை மாற்றப்பட்டது, சைக்குளோஸ்போரின் இன்னும் கொடுக்கப்படுகின்றதா, குருதியில் அதன் அளவு கடைசியாக எப்போது பார்க்கப்பட்டது. போத்தலைத் தம்மிடம் வாங்கி வைத்துக்கொண்டு, அதன் மேலுள்ள பெயரை ஒரு கடிதத்தில் எழுதிச் சிகிச்சை நிபுணருக்கு அனுப்புவதும் அவரால் இயலும்.